போர்க்காலக் கடலூர், புதுச்சேரி: ஒரு நாள் பேச்சுக் கூட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போன் செய்தவர்கள், பஸ்ஸில் மடக்கிப் பிடித்தவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து விசாரித்தவர்கள் கேட்டவற்றை எல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது. எழுதுவது நான் ஒருவன் என்பதால் என் அபிப்பிராயமும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன கூட்டம்? நடத்துவது யார்?

உள்ளூர் வரலாற்றில் கிறுக்குப் பிடித்த இருபது பேர் மாதத்துக்கு ஒருமுறை ஒரு மொட்டைமாடியில் கூடுகிறோம். ரிட்டையர் ஆன வாத்தியார்கள், ஒரு சர்வேயர், மீன் ஏலம் எடுக்கும் ஒருவர், பழைய காசு சேர்க்கும் மெடிக்கல் கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர்கூடக் கிடையாது. இந்தத் தடவை மொட்டைமாடி போதாது என்று மண்டபம் பிடித்திருக்கிறோம்.

தலைப்பு போர். ஆனால் எந்தத் தளபதி எந்தப் பக்கம் திரும்பினான் என்பது எங்களுக்கு இரண்டாம்பட்சம். சண்டை நடந்தபோது இந்த ஊர்ச் சனம் எங்கே போனது, என்ன சாப்பிட்டது, யாரைப் பறிகொடுத்தது? பேசப்போகும் ஐந்து பேரிடமும் இதைத்தான் பேசச் சொல்லியிருக்கிறோம்.

எங்கே, எத்தனை மணிக்கு?

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தேவனாம்பட்டினத்தில் நடை, 9:30க்கு மண்டபத்தில் பேச்சு, மாலை 5 மணிக்கு முடிவு. நடைக்கு வருவது கட்டாயம் இல்லை. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் கடலூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயிலில் வந்தால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். துறைமுகம் ஜங்ஷன் வரை போய்விட்டுத் திரும்பி வராதீர்கள்.

கட்டணம் உண்டா?

இல்லை. வாசலில் ஒரு எவர்சில்வர் குடம் இருக்கும். மண்டப வாடகைக்கு முடிந்ததைப் போடலாம்.

கடலூரில் அப்படி என்ன போர் நடந்தது?

பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்கள் என்று ஒரு பாடம் வரும். ஐந்து மார்க் கேள்வி, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோகும். அந்தப் பாடத்தில் வரும் ஊர்களில் பாதி நம் டவுன் பஸ் போகிற ஊர்கள் என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

1690இல், செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தா நம்மூர் உடையை மாட்டிக்கொண்டு தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். அதன்பிறகு 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடம் சென்னை இல்லை, தேவனாம்பட்டினம். பத்து வருடம் கழித்து, 1756இல் அதே கிளைவ் இந்தக் கோட்டைக்குக் கவர்னராக வந்தார்.

1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அடுத்த ஏப்ரலில் அடித்த புயலில் அவருடைய நாமூர் என்ற பெரிய போர்க்கப்பல் தேவனாம்பட்டினத்துக்கு அருகே மூழ்கி 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எதிரி கையால் செத்ததைவிடக் கடல் கையால் செத்தது அதிகமாக இருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1752இல் பாகூரில் சண்டை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லல்லி வந்து ஜூன் 2ஆம் தேதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அந்தக் கணக்கை ஆங்கிலேயர் 1761இல் தீர்த்துக்கொண்டார்கள். புதுச்சேரி ஜனவரியில் சரணடைந்ததும் மதில், மாளிகை என்று பார்க்காமல் நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பார்த்து வியக்கும் பிரெஞ்சுக் கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எழும்பியவை.

முதல் பேச்சில் நாங்கள் நின்று பேசப்போகும் இடம், அந்தச் சரணடைவில் முடிந்த முற்றுகையின் நடுவில் வரும் எட்டு நாள். 1760 நவம்பரில் புதுச்சேரிக்குள் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு ஆள் குறையட்டும் என்று லல்லி உள்ளூர்க்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்திவிட்டார். வெளியே வளைத்துக்கொண்டு நின்ற ஆங்கிலேயப் படை அவர்களைப் போகவிடவில்லை. திரும்பி வந்தால் உள்ளே இருப்பவர்கள் சுட்டார்கள். இரண்டு துப்பாக்கி வரிசைக்கும் நடுவில் புல்லும் வேரும் தின்று ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தபிறகுதான் ஆங்கிலேயத் தளபதி கூட் வழிவிட்டார். லல்லிக்குப் புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. துரத்தப்பட்டவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை.

அந்த முற்றுகையின்போதும் புயல் வந்தது, 1761 ஜனவரி 1ஆம் தேதி. ஆங்கிலேயக் கப்பல்கள் பல நாசமாகி ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது கூரை பறக்கப் பறக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே தேதி, அதே கரை.

காலை நடையில் கோட்டையைப் பார்க்கலாமா?

செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள், ஏமாந்துபோவீர்கள். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மேடும் பள்ளமும், புதருக்குள் சில சுவர்த் துண்டுகளும்தான் மிச்சம். ஆனால் ஒரு துண்டின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செங்கல் இன்றைய செங்கல்லைவிட மெலிசு. இடையில் இருக்கிற சுண்ணாம்புக் காரையை நகத்தால் சுரண்டினால் அரைபடாத கிளிஞ்சல் துண்டு தென்படும். கடல் பக்கத்தில் இருந்ததையே அள்ளிச் சுட்டு அரைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கிளிஞ்சல் துண்டு கிளைவைவிடச் சுவாரசியமானது. அதைப் பொறுக்கிச் சுமந்தது நம் ஆட்கள்.

சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்கல்லை எடுத்துப் பையில் போட்டவரை நடுவழியில் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் பீரங்கிக் குண்டால் வந்தவை என்பது உண்மையா?

உண்மைதான். 1690 விற்பனையின் நிபந்தனையே அதுதான்: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை சுற்றியுள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சேரும். சுட்டார்கள், விழுந்த இடம் எல்லையாயிற்று, அதற்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. இருப்பதில் நல்ல பீரங்கியாகத் தேடித்தான் எடுத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சர்வேயர் நண்பர் செயின் பிடித்து அளந்தே நாற்பது வருடம் தள்ளியவர். “எங்க டிபார்ட்மென்ட்ல இப்படி ஒரு வசதி இல்லாமப் போச்சே” என்பார்.

அமெரிக்க விடுதலைப் போர் கடலூரில் முடிந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

கொஞ்சம் பெரிதுபடுத்தியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை பொய் இல்லை. அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரான்ஸ் இறங்கியதால் இங்கிலாந்தும் பிரான்சும் உலகம் முழுக்க மோதிக்கொண்டன. இந்தப் பக்கம் மைசூர் ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டு. 1782இல் அவர்கள் கடலூரைப் பிடித்தார்கள். அந்த டிசம்பரில் ஹைதர் இறந்துவிட்டார். 1783 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் கடலூரை மீட்கப் படையோடு வந்தார். உள்ளே இருந்தது வயதாகி உடம்பும் கெட்டுப்போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13இல் தரையில் கடும் சண்டை. ஜூன் 20இல் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஆனாலும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது என்று சேதி. கையெழுத்தானது எப்போது? ஜனவரி 20. அஞ்சு மாசத்துக்கு முன்னால். சேதி கப்பலில் ஏறி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இங்கே பீரங்கி வெடித்துப் பிணம் விழுந்துவிட்டது. இரண்டாவது பேச்சு முழுக்க இந்த அஞ்சு மாசத்தைப் பற்றியதுதான். பேசப்போகிறவர் தபால் துறையில் வேலை பார்த்தவர், அது தற்செயல் அல்ல.

ஆனந்தரங்கப்பிள்ளைக்கு ஏன் ஒரு மணி நேரம்?

ஏன் ஒரு மணி நேரம்தானா என்று கேட்டிருக்க வேண்டும். 1736இலிருந்து 1761இல் கண்ணை மூடும் வரை நாட்குறிப்பு எழுதிய மனிதர். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்சுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பிரெஞ்சுக் கவர்னர் மாளிகையில் நடந்ததையும் கடைத்தெருவில் பேசியதையும் ஒரே நோட்டில் எழுதியிருக்கிறார், அதுவும் பேச்சுத் தமிழில். கடலூர் அதில் கூடலூர்.

1748 முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். எதிரி ஊருக்கு வெளியே நிற்கிறான், உள்ளே தன் எஜமானே ஊர்க்கோயிலை இடிக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டு அவனிடமே வேலை செய்யவும் வேண்டும். பிள்ளை அந்த நாட்களை எழுதியிருப்பதைப் படித்தால் நமக்கு நெஞ்சு அடைக்கும். கூடவே அன்றைய துணி வியாபாரக் கணக்கும் சோதிடப் பேச்சும் வரும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் அந்த எழுத்தை நான் நம்புகிறேன்.

புதுச்சேரி சரணடைவதற்குச் சில நாள் முன்னால், 1761 ஜனவரியில், அவர் போய்ச் சேர்ந்தார். இடிபாட்டைப் பார்க்கும் தலையெழுத்து அவருக்கு இல்லை. அவருடைய வீடு இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது.

இந்த அமர்வில் பேச்சைவிடப் படிப்புதான் அதிகம். நல்ல குரல் உள்ள இரண்டு பேர் மாறி மாறிப் படிப்பார்கள்.

கிளைவைப் புகழ்வீர்களா, திட்டுவீர்களா? துப்ளேக்சை?

இரண்டுக்கும் நேரம் ஒதுக்கவில்லை. போன தடவை இதே விவகாரத்தில் ஒரு கடலூர்க்காரரும் ஒரு புதுச்சேரிக்காரரும், என்னவோ தங்கள் பாட்டன் சொத்துத் தகராறு மாதிரி, முக்கால் மணி நேரம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வெள்ளைக்காரனுக்காக நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதியும் லபுர்தொனே வீதியும் இருக்கின்றன. புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி பெயரை வைத்தபிறகும் பழைய ஆட்கள் வாயில் புஸ்ஸி வீதிதான். அந்தப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு இவர்கள் எல்லாரும் சண்டைக்கு வந்த தளபதிகள் என்று தெரிந்தால் போதும்.

எம்டன் கப்பல் கடலூரில் குண்டு போட்டதா?

இல்லை. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டது சென்னையில், 1914 செப்டம்பர் 22 இரவு. சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன, ஐந்து பேர் செத்தார்கள். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. ஆனால் ஊர் காலியானது அடுத்த நாட்களில்தான். கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு சனம் உள்நாட்டுக்கு ஓடியது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவைத்தது. கப்பல் போனாலும் சொல் போகவில்லை. “அவன் சரியான எம்டன்” என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவதும் தெரியும்: செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தாரா? எம்டன் கிளம்பியது சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவிலிருந்து. அந்த மாதங்களில் செண்பகராமன் பிள்ளை இருந்தது ஐரோப்பாவில். ஜூரிச், பெர்லின் என்று இந்திய விடுதலைக்காக அவர் செய்த வேலை நிஜம், அதுவே அவருக்குப் பெருமை. கப்பலில் ஏற்றித்தான் அவரைப் பெரிய மனிதர் ஆக்கவேண்டும் என்பதில்லை. இதைச் சொன்னதற்கு எனக்குப் போனில் வசவு விழுந்திருக்கிறது. பரவாயில்லை.

புதுச்சேரி கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச்சின்னம் யாருக்காக?

1914–1918 போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக. 1938இல் திறந்தார்கள். காந்தி சிலைக்கு எதிரே, கம்பிவேலிக்குள் இருப்பதால் பலர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஜூலை 14 வந்தால் விளக்குப் போட்டு மலர்வளையம் வைப்பார்கள்.

பிரெஞ்சிந்தியாவிலிருந்து போருக்குப் போனவர்களின் பட்டியல்களைப் பார்த்தால் ஆள் தமிழர், குடும்பப்பெயர் பிரெஞ்சு என்று பல இருக்கும். 1881இல் வந்த ஒரு ஆணைப்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போக விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் புதுக் குடும்பப்பெயர் எடுத்துக்கொள்ளலாம். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது போயிருந்தால், பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ ஓம்’ தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். முதல் உலகப்போரில் மடிந்தவர்களுக்கு ஆளுக்கொரு கார்டு, பிறந்த ஊரோடு. பிரிட்டிஷ் படையில் இருந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள். மண்டபத்தில் இரண்டு லேப்டாப் வைத்துக் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பிரெஞ்சுக் கார்டு வந்தால் படித்துச் சொல்லவும் ஓர் அம்மா வருகிறார்கள்.

‘சொல்தா’ என்றால் என்ன?

புதுச்சேரிக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சொல்தா என்பார்கள், சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல். முதல் உலகப்போரோடு இது முடிந்துவிடவில்லை. 1954 வரை இந்தோசீனாவில், அதற்குப் பிறகு அல்ஜீரியாவில் என்று நம் ஆட்கள் போயிருக்கிறார்கள். “சைகோனுக்குப் போனார்” என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். வைத்துக்கொண்ட வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது, பக்கத்து வீட்டுக்கு வருவதில்லை. அந்த ஆறு மாதம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறது.

நான்காவது அமர்வில் பேசப்போவது அப்படி ஒரு சொல்தாவின் மனைவி. எண்பதைத் தாண்டியவர். பேச்சு என்று சொன்னால் வரமாட்டேன் என்றார். “சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருக்கலாம் பாட்டி” என்றதும் சரி என்றார். ஆகவே அந்த ஒரு மணி நேரம் மைக்கைப் பிடுங்கிக் கேள்வி கேட்கக் கூடாது. அவர்கள் நிறுத்தினால் நிறுத்தினதுதான்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பக்கம் வரவே இல்லையே?

குண்டு வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். நாம் இரண்டுக்கும் நடுவில். சென்னை கிட்டத்தட்டக் காலியானது, சர்க்கார் ஆபீஸ்களே இடம் மாறின. உளுந்தூர்பேட்டையில் விமான ஓடுதளம் போட்டார்கள். புதுச்சேரியில் கவர்னர் பொன்வென் 1940 செப்டம்பரிலேயே ஹிட்லருக்குப் பணிந்த பிரான்சை விட்டு, அவனை எதிர்த்து நின்ற தளபதி தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டார். அரவிந்தர் ஆசிரமத்தின் பள்ளிக்கூடம் 1943 டிசம்பரில் தொடங்கியதற்கும் போர்தான் காரணம். பயந்து வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டியிருந்தது.

பெட்ரோல் இல்லாமல் கரி பஸ் ஓடியது அந்த வருடங்களில். பஸ்ஸின் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக் காற்று ஊதவேண்டும். கால் மணி, அரை மணி கழித்து வாயு கிளம்பினால்தான் வண்டி நகரும். மேட்டில் மூச்சு வாங்கி நின்றால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். “டிக்கெட்டும் எடுத்துத் தள்ளவும் தள்ளினோம்” என்று என் தாத்தா கடைசி வரை பொருமிக்கொண்டிருந்தார்.

காசுப் பெட்டியோடு மெடிக்கல் கடைக்காரர் வருவார். ஓட்டைக் காலணாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். 1943இலிருந்து 1947 வரை அடித்தது. போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் நடுவைத் தோண்டிவிட்டார்கள். ஒரு பக்கம் கிரீடமும் வருடமும், மறுபக்கம் ஓட்டையைச் சுற்றி இலைக்கொடி. ராஜா முகத்துக்கு இடமே இல்லை. சுண்டுவிரல் நுனியில் மாட்டலாம், அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைக்குக் கட்டியவர்களும் உண்டு. வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து 1940இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது, அதுவும் அவரிடம் இருக்கிறது.

பர்மா, மலாயா போனவர்களைப் பற்றிப் பேசுவீர்களா?

கடைசிப் பேச்சு முழுக்க அதுதான். எங்களுக்கு வந்த போன்களில் பாதி இதைப் பற்றியவை. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பான் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பர்மா போனதும் அரிசியும் போனது. அதுவரை ரங்கூன் அரிசியில் பொங்கிய வீடுகள் கியூவில் நின்றன.

மலாயாவில் மாட்டிக்கொண்டவர்கள் கதை இன்னும் கொடியது. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942–43இல் ஜப்பான்காரன் போட்டான். நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், பிறகு லாரியில் அள்ளிப்போட்டும் ரப்பர் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனான். காலராவும் பட்டினியும் அடியும். அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு, சுமார் 12,000 பேருக்கு மேல், பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளுக்கு அது இல்லை. தென்னார்க்காட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். “சயாமுக்குப் போனவர் திரும்பலை” என்ற ஒரு வரி உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் எங்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள் பற்றியும் பேச்சு உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் நேதாஜி படையில், தம்பி சயாம் ரயிலில் என்று இருந்திருக்கிறது. எந்தப் பக்கத்தையும் மறைக்கப் போவதில்லை.

வீட்டில் பழைய பொருள் இருக்கிறது. கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். மாலை அமர்வே அதற்காகத்தான். பதக்கம், பே புக் (பட்டாளத்துச் சம்பளப் புத்தகம்), ரேஷன் கார்டு, கடிதம், டிரங்குப் பெட்டி எதுவானாலும் சரி. சில வேண்டுகோள்கள்:

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி பளபளவென்று கொண்டுவந்து வைத்தார் ஒருவர். முதல் உலகப்போர்ப் பதக்கமென்றால் அதன் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும், தேய்த்தால் முதலில் போவது அதுதான். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். இந்தப் பாவத்தைச் செய்தவன் நானே. பெரியப்பா ரங்கூனிலிருந்து எழுதிய கார்டைப் பத்திரப்படுத்துகிறேன் என்று ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் மை பழுப்பேறிப் பாதி எழுத்து போய்விட்டது. இப்போது பத்திரமாக இருப்பது பிளாஸ்டிக் மட்டும்தான். உறையில் போட்டு, நடுவில் வெள்ளைத்தாள் வைத்துக் கொண்டுவந்தால் போதும்.

குண்டு, தோட்டா, வெடிக்காத ஷெல் என்று எது கிடைத்திருந்தாலும் தொடாதீர்கள், கொண்டுவராதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். சிரிப்பதற்கில்லை, ஒருவர் போனில் கேட்டார்.

நாங்கள் எதையும் வாங்குவதும் இல்லை, விலை சொல்வதும் இல்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் டாலர் நோட்டு ஒரு கட்டு வைத்திருக்கிறேன், லட்சம் தேறுமா என்று கேட்கிறார்கள். 1945இலேயே அது செல்லாக்காசு ஆகிவிட்டது. அதை ஒரு கட்டு வைத்திருந்தவர் எத்தனை வருட உழைப்பை அந்த ஒரே நாளில் இழந்தார் என்பதைச் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.

எங்கள் தாத்தா கதையை நான் சொல்லலாமா?

ஆளுக்கு ஏழு நிமிடம். மணி அடித்தால் நிறுத்தவேண்டும். எழுதிவந்து படித்தாலும் சரி. ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள்: தாத்தா கண்ணால் பார்த்தது எது, கேட்டுச் சொன்னது எது, நீங்கள் பிறகு படித்துச் சேர்த்துக்கொண்டது எது. எங்கள் நோட்டில் மூன்றுக்கும் மூன்று கலர் மை. மூன்றாவது கலர் அதிகமானாலும் யாரையும் குறைசொல்லமாட்டோம், நானே என் தாத்தாவின் கரி பஸ்ஸை எழுதியபோது பாதி பச்சை மையாகிவிட்டது.

பாரதியார் பற்றி ஏன் இல்லை?

அமர்வாக இல்லை, காலை நடையில் உண்டு. பத்து வருடம் புதுச்சேரியில் இருந்துவிட்டு, முதல் உலகப்போர் முடிந்த ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20இல், எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில்தான் கிடந்தார், டிசம்பர் 14 வரை. ஜெர்மனியை எதிர்த்து நின்ற குட்டி பெல்ஜியத்தை வாழ்த்தி அவர் எழுதிய பாட்டை யாராவது கடற்கரையில் பாடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

நடைக்கும் காசுப் பெட்டிக்கும் கட்டாயம் கூட்டிவாருங்கள். சயாம் அமர்வு பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் பீரங்கிக் குண்டு எல்லையை வரைபடத்தில் போடும் விளையாட்டு இருக்கிறது.

சாப்பாடு?

எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். ஞாயிறு அதுவுமாக கடலூரில் மீன் இல்லாத சாப்பாடா என்று எங்கள் ஏலக்காரரே கோபித்துக்கொண்டார். மண்டபத்தில் அனுமதி இல்லை. எண்ணிக்கை தெரிந்தால்தான் சமைக்க முடியும் என்பதால், வெள்ளிக்கிழமைக்குள் நோட்டீஸில் உள்ள நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

பேச்சுகளை எடுக்கலாம், நாங்களும் எடுக்கிறோம். நான்காவது அமர்வில் போனை உள்ளே வைத்துவிடுங்கள், பாட்டிக்குப் பிடிக்காது. மேசையில் இருக்கும் பொருள்களைப் படமெடுக்க அதைக் கொண்டுவந்தவரிடம் கேளுங்கள்.

மழை வந்தால்?

நடை கிடையாது, பேச்சு உண்டு. புயல் எச்சரிக்கை என்றால் எல்லாமே அடுத்த ஞாயிறு. பாஸ்கவனுக்கு நடந்ததைப் படித்தபிறகும் நாங்கள் கடலோடு விளையாடத் தயாரில்லை.